பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்: கோப்புகளை இழக்காமல் மாறுவது எப்படி

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அந்த அறிவிப்பு திரையில் தோன்றத் தொடங்கியதிலிருந்து, மும்பை மாட்டுங்காவில் நான் குடியிருக்கும் கட்டடத்திலும் சயான், செம்பூர் பக்கத்து உறவினர் வீடுகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "கணினி நன்றாகத்தானே ஓடுகிறது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்க வேண்டுமா?" பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. அவற்றை வரிசை மாற்றாமல் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. மாற்றிச் செய்தால் பல வருடப் புகைப்படங்களும் கணக்குகளும் ஒரு பிற்பகலில் போய்விடலாம். கணினியை அன்றாடம் பயன்படுத்தினாலும் அதன் உள்விவரம் அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இயங்குதளம் என்பது எது? மும்பையில் அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்குச் சொசைட்டி நிர்வாகத்தைச் சொன்னால் எளிதில் விளங்கும். எந்த வீட்டுக்கு எப்போது தண்ணீர் விடுவது, லிஃப்ட்டை யார் பயன்படுத்தலாம், வண்டியை எங்கே நிறுத்துவது, வாசலில் யாரை உள்ளே விடுவது என்பதையெல்லாம் நிர்வாகம் கவனிக்கிறது. வீட்டுக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். கணினியில் நீங்கள் திறக்கும் வேர்டு, பிரவுசர், கணக்கு எழுதும் டேலி போன்ற மென்பொருள்கள் வீட்டுக்காரர்கள். ரேம், ஹார்டு டிஸ்க், பிரிண்டர் ஆகியவற்றை அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, வாசலையும் காவல் காப்பது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்.

"ஆதரவு முடிந்தது" என்றால் இயங்குதளம் அன்றே நின்றுவிடும் என்று பொருளில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. இன்றும் அதில் ஓடும் கணினிகளை இந்த ஊரில் பல கடைகளில் பார்க்கலாம். நின்றுபோவது பழுதுபார்ப்பு மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து, சுவர் விரிசல்களை அடைக்கிறோம் அல்லவா? அதை ஓராண்டு விட்டுவிட்டாலும் கட்டடம் நிற்கும், ஆனால் மேல்மாடி வீட்டில் ஒழுகத் தொடங்கும். இயங்குதளத்திலும் புதுப்புது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆதரவு உள்ளவரை நிறுவனம் மாதந்தோறும் அவற்றை அடைத்துத் தருகிறது. முடிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும்.

2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல் இதற்குக் கண்முன் நடந்த சான்று. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்தவர்களின் கணினிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. நிறுவாதவர்களின் கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கப்பட்டது. திருத்தம் வெளிவந்தும் நிறுவாதவர்களுக்கே இந்த நிலை என்றால், திருத்தமே வராத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிரவுசர்களும் காலப்போக்கில் பழைய தளத்தைக் கைவிடுகின்றன. விண்டோஸ் 7-லும் 8.1-லும் இயங்கிய கடைசி குரோம் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110-ஆம் பதிப்பு அவற்றில் நிறுவ இயலாதது.

எல்லாக் கணினியையும் உடனே மாற்றியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இணையத்தில் இணைக்காமல், வெளியிலிருந்து பென் டிரைவும் செருகாமல், தட்டச்சுக்கும் பாட்டுக் கேட்கவும் மட்டும் பயன்படும் கணினி அப்படியே இருக்கலாம். வங்கி, மின்னஞ்சல், வருமான வரி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இவற்றில் ஒன்றைச் செய்யும் கணினியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, உங்கள் கணினியில் இருப்பது எது, அது எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சிறு பெட்டியில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். பதிப்பின் பெயரும் எண்ணும் தெரியும். விண்டோஸ் 11-க்கு மாற 64-பிட் பிராசசர் (கணினியின் மூளையான சில்லு), 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், தொடங்கும்போதே தீநிரல் நுழையாமல் காக்கும் செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்), டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. பிராசசரும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும்: இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். தலைமுறையை அறிய பிராசசர் பெயரில் சிறு கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் 8-ஆம் தலைமுறை, தகுதி உண்டு. ஐ5-7200யூ என்றால் 7-ஆம் தலைமுறை, தகுதி இல்லை. ஐ5-10210யூ என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்து 10-ஆம் தலைமுறை என்று படிக்க வேண்டும். இவற்றையெல்லாம் தானே சோதித்துச் சொல்லும் பிசி ஹெல்த் செக் என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட் தருகிறது.

அந்தக் கருவி "தகுதியில்லை" என்றவுடன் மனம் தளர வேண்டாம், காரணத்தைப் படியுங்கள். டிபிஎம் இல்லை என்று அது சொல்லும் கணினிகள் பலவற்றில் அந்த வசதி பிராசசருக்குள்ளேயே இருக்கும், இயங்குதளத்துக்கு முன்பே எழும் பயாஸ் (யூஇஎஃப்ஐயையும் பொதுவாக இப்படியே அழைக்கிறோம்) அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மதர்போர்டுகளில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி மதர்போர்டுகளில் எஃப்டிபிஎம். அதை இயக்கிவிட்டால் போதும். இதை அறியாமல் நல்ல கணினியை விற்க முனைந்த ஒருவரை நானே தடுத்திருக்கிறேன்.

பிராசசரே பழையது என்றால் இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 வைத்திருக்கும் வீட்டுப் பயனர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்ளலாம். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. இது அவகாசம் தருமே தவிர, மாறும் வேலையைத் தவிர்க்க உதவாது.

இன்னொரு வழி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம். 4 ஜிபி ரேம் உள்ள பத்தாண்டுப் பழைய மடிக்கணினியில்கூட, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். ஹார்டு டிஸ்கைத் தொடாமல், பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம் என்பது அதன் பெரிய வசதி. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஓரிரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தமிழ் 99 உள்ளிட்ட விசைப்பலகைகளை அதிலும் அமைத்துக்கொள்ளலாம். பிரவுசர், மின்னஞ்சல், கடிதம், படம் பார்ப்பது ஆகியவற்றோடு முடியும் வீட்டுக் கணினிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. டேலியில் கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய யுஎஸ்பி டோக்கன் கொண்டு வரித் தாக்கல் செய்பவர்கள், டோக்கன் தந்தவரிடம் லினக்ஸுக்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) உண்டா என்று கேட்காமல் மாற வேண்டாம்.

தகுதியில்லாத கணினியிலும் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ நிறுவும் குறுக்குவழிகள் இருக்கின்றன. அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திருத்தங்களுக்காகத்தான் மாறுகிறோம், அந்த உறுதியை முதலிலேயே இழந்துவிட்டு மாறுவதில் எனக்கு உடன்பாடில்லை. மலிவாகக் கிடைக்கும் திருட்டுப் பதிப்புகளையும் அவற்றைத் திறக்கும் சிறு நிரல்களையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அந்த நிரல்கள் ஓடுவதற்கு வைரஸ் தடுப்பானை அணைக்கச் சொல்லும். அந்த நேரத்தில் வேறு எது உள்ளே நுழைகிறது என்பது நமக்குத் தெரியாது.

இனி நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி நிறுவலாம். உங்கள் கோப்புகளை யாரிடமும் திரும்பக் கேட்டு வாங்க முடியாது. ஆகவே பேக்கப், அதாவது கோப்புகளின் தனி நகல், எடுக்காமல் நிறுவல் வேலையில் இறங்கக் கூடாது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்டடத்தில் ஒரு பெரியவர் தம் கணினியில் புது விண்டோஸ் போட்டுத் தரச் சொன்னார். "எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றி வைத்துவிட்டேன் தம்பி, சி-யை மட்டும் அழித்துக்கொள்" என்றார். நானும் அதை நம்பினேன். நிறுவும்போது வரும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் தெரிவதில்லை. பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்ணும் அளவும் மட்டுமே தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நான் தவறான ஒன்றை அழித்தேன். மீட்பு மென்பொருள்கொண்டு மூன்று நாள் முயன்று, அவருடைய மகளின் திருமணப் படங்களில் ஏறத்தாழ பாதியைத்தான் திரும்பப் பெற முடிந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதனாலேயே அது இன்றுவரை என் மனத்தில் இருக்கிறது. சி-யும் டி-யும் ஒரே தட்டின் இரு பாதிகள் என்பதை அன்று நானே அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். டி டிரைவில் வைப்பது பேக்கப் ஆகாது. தட்டு பழுதானாலும், கை தவறினாலும் இரண்டும் ஒன்றாகப் போகும்.

பேக்கப் என்றால் கணினியிலிருந்து கழற்றித் தனியே எடுத்து வைக்கக்கூடிய ஒன்றில் நகல் இருக்க வேண்டும். மொத்தம் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்பது துறையில் பழகியவர்கள் சொல்லும் கணக்கு. வீட்டுக்கு இதை இப்படிச் சுருக்கலாம்: கணினியில் உள்ளது ஒன்று, வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, முக்கியமானவை மட்டும் கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் ஒன்று. நகல் எடுத்ததும் வேலை முடிந்துவிடாது. அந்த வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்புறையிலும் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை எல்லோரும் நினைவாக எடுத்துவிடுவார்கள். விட்டுப்போவது மற்றவைதான்: டெஸ்க்டாப்பில் பரவிக் கிடப்பவை, டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும், அவுட்லுக் அஞ்சல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய கோப்பு, டேலியின் டேட்டா கோப்புறை. டேலி உரிமம் அந்தக் கணினியோடு பிணைந்தது என்பதால், கணினியை ஃபார்மட் செய்யும் முன் டேலிக்குள் சென்று உரிமத்தைச் சரண்டர் செய்துவிட வேண்டும்.

தமிழில் நெடுங்காலமாகத் தட்டச்சு செய்துவருபவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினியில் நீங்கள் "அம்மா" என்று தட்டியது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிந்திருக்கும். எழுத்துரு கணினியில் இருக்கும்வரை அது "அம்மா" என்று தெரியும். புது இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லாததால், கோப்பு முழுமையாக வந்து சேர்ந்திருந்தும் திரையில் ஆங்கில எழுத்துக் குவியலைத்தான் காண்பீர்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்தவர்களும் உண்டு. செம்பூரில் உள்ள என் பெரியம்மா, தாராவியில் கழிந்த தம் இளமைக் காலத்தைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் இப்படிப் பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார். அவருடைய கணினியை மாற்றும் முன், விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் பகுதியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பையும் பேக்கப்பில் சேர்த்தோம். பழைய கணினியிலேயே ஒரு பிடிஎஃப் நகல் எடுத்தோம். பிடிஎஃப் தன்னுள் எழுத்துருவையும் சுமந்து செல்லும் என்பதால் அது எங்கும் சரியாகத் தெரியும். பிறகு ஒரு மாற்றிக் கருவிகொண்டு முழுவதையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது; அதற்கு முந்தைய கோப்புகள் உங்களிடம் இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம், எந்த எழுத்துருவில் தட்டினோம் என்பது நினைவில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பேக்கப் முடிந்த பிறகு கவனிக்க வேண்டியது ஹார்டு டிஸ்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைச் சொல்லும். எச்சரிக்கை காட்டினால் அந்த டிஸ்க்கில் புது இயங்குதளம் நிறுவுவது வீண் வேலை. காட்டாவிட்டாலும், சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினிக்கு, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்புச் சாதனமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போடுவதைவிடச் சிறந்த செலவு வேறில்லை. லாமிங்டன் சாலைக் கடைகளில் உங்கள் கணினியின் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்டால் பொருந்துவதை எடுத்துத் தருவார்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்குங்கள். ரேமை 8 ஜிபி ஆக்க முடிந்தால் அதையும் அப்போதே செய்துவிடலாம்.

எஸ்எஸ்டி வாங்குவதில் வேகத்தைவிட நான் மதிக்கும் நன்மை ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி நிறுவினால், எவ்வளவு கை தவறினாலும் பழைய கோப்புகளுக்கு எதுவும் நேராது. அன்று அந்தப் பெரியவர் வீட்டில் நான் செய்த தவறு இந்த முறையில் நடக்கவே முடியாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: டிஸ்க்கில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்கும் கணினியில், டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் திறந்தாலோ பயாஸில் டிபிஎம் அமைப்பை மாற்றினாலோ 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். திருகுகளைத் தொடும் முன் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் கடைக்காரராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

இப்போது நிறுவல். தகுதியுள்ள, அசல் உரிமம் கொண்ட விண்டோஸ் 10 கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். ஹோம் பதிப்பு ஹோமாகவும், புரோ பதிப்பு புரோவாகவும் மாறும். விண்டோஸ் அப்டேட் வழியாகவே மாறினால் கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்தில் இருக்கும். 32-பிட் விண்டோஸ் 10-லிருந்தோ விண்டோஸ் 7-லிருந்தோ 11-க்கு அப்படி மேலேற வழியில்லை; புதிதாகத்தான் நிறுவ வேண்டும், விண்டோஸ் 7-க்குப் புது உரிமமும் வாங்க வேண்டும். புதிதாக நிறுவ, மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்புகளை ஏற்றுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால், பேக்கப் எடுத்த பென் டிரைவையே இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள்.

வேலை நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. மாட்டுங்காவில் மின்வெட்டு அரிது என்று நாம் நினைத்தாலும், 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுவதும் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை மறந்திருக்க மாட்டோம். மேசைக்கணினிக்கு யுபிஎஸ் இருக்கட்டும். மடிக்கணினியில் பேட்டரி நிறைந்திருப்பதோடு சார்ஜரும் செருகியிருக்கட்டும். வரித் தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தைய இரவில் இதைத் தொடங்காதீர்கள். பழைய கணினியில் சில மணி நேரம் ஆகலாம், பலமுறை தானே அணைந்து எழும். சதவீத எண் நகராமல் நின்றதாகத் தோன்றினாலும் பவர் பொத்தானை அழுத்தக் கூடாது.

முடிந்தவுடன் விண்டோஸ் அப்டேட்டை மறுபடி மறுபடி ஓட்டி, புதிதாக எதுவும் இல்லை என்று சொல்லும்வரை நிறுவுங்கள். பிறகு உங்கள் வழக்கமான வேலைகளை எல்லாம் ஒருமுறை செய்து பாருங்கள்: ஒரு பக்கம் அச்சடியுங்கள், ஸ்கேன் எடுங்கள், கையொப்ப டோக்கனைச் செருகுங்கள், தமிழில் நான்கு வரி தட்டுங்கள், பழைய ஆவணம் ஒன்றைத் திறங்கள். பழைய பிரிண்டர்களுக்கு 64-பிட் டிரைவர் கிடைக்காமல் போவதுண்டு. இந்தச் சோதனைகளை முதல் வாரத்திலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்டேட் வழியாக மாறியவர்கள் அமைப்புகளில் ரெகவரி பகுதிக்குச் சென்று பழைய விண்டோஸுக்கே திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகு பழைய இயங்குதளம் சேமித்து வைக்கப்பட்டிருந்த கோப்புறையை விண்டோஸ் தானே நீக்கிவிடும். புதிதாக நிறுவியவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

கழற்றிய பழைய டிஸ்க்கை விற்கவோ எறியவோ அவசரப்பட வேண்டாம். உறையில் போட்டு, மேலே தேதியும் கணினியின் பெயரும் எழுதி, ஆறு மாதமாவது அலமாரியில் வைத்திருங்கள். விட்டுப்போன ஒரு கோப்பு பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது மாதத்தில்தான் நினைவுக்கு வரும். அப்போது அந்த டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுச் செருகி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.